ஊர்க்கூட்டத்துக்கு வாருங்கள்: மாசச்சூசெட்ஸ் சிற்றூர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். போஸ்டனுக்கு மேற்கிலும் வடமேற்கிலும் உள்ள ஊர்களில் வீடு வாங்கிக் குடியேறி, குடியுரிமையும் பெற்று, வாக்காளர் பட்டியலில் பெயரும் சேர்த்துவிட்ட தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆக்டன், வெஸ்ட்ஃபோர்ட், ஷ்ரூஸ்பரி போன்ற ஊர்களில் நம்மவர்கள் நிறையப் பேர் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அவற்றைவிடச் சிறிய, தெருவிளக்குகூட இல்லாத ஊர்களிலும் இப்போது வாசலில் கோலம் தென்படுகிறது. என் ஊரும் அப்படிப்பட்ட ஒன்றுதான்.

எங்கள் ஊரில் அபார்ட்மென்ட்டுகளுக்கு இடம் கொடுக்கும் ஸோனிங் (எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்ற ஊர் விதி) தீர்மானம் ஊர்க்கூட்டத்தில் சொற்ப வாக்குகளில் தோற்றது. அது மறுபடியும் வாக்கெடுப்புக்கு வருகிறது. இம்முறை நீங்கள் நேரில் வந்து ஆதரித்துக் கை உயர்த்த வேண்டும். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

முதலில், இந்தத் தீர்மானத்தைக் கேட்கும் மாநிலச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். வாட்ஸ்ஆப் குழுக்களில் சுற்றும் செய்திகளுக்கும் சட்டத்துக்கும் பெரிய இடைவெளி இருக்கிறது. 2021 ஜனவரியில் அன்றைய ஆளுநர் சார்லி பேக்கர் கையெழுத்திட்ட சட்டம் இது. போஸ்டன் வட்டாரப் பொதுப் போக்குவரத்து அமைப்பான எம்பிடிஏவின் ரயில், பஸ் சேவை உள்ள ஊர்களும் அவற்றை ஒட்டிய ஊர்களுமாக 177 ஊர்களை இது கட்டுப்படுத்துகிறது. ஒவ்வோர் ஊரும் தன் எல்லைக்குள் ஏதாவது ஒரு பகுதியில், ஒரே கட்டடத்தில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகளைத் தனிச் சிறப்பு அனுமதி கேட்காமலே கட்ட வழிவிட வேண்டும். ஏக்கருக்கு 15 வீடுகளாவது கட்ட இடமிருக்க வேண்டும். குழந்தைகளுள்ள குடும்பங்களுக்கு ஏற்றவையாக அவை இருக்க வேண்டும். வயதுக் கட்டுப்பாடு கூடாது. இவ்வளவுதான். ஒரு செங்கல்கூட ஊர்ப் பணத்தில் வைக்கச் சொல்லவில்லை. நிலத்துக்குச் சொந்தக்காரர் விற்க விரும்பினால், கட்டுபவர் ஒருவர் முன்வந்தால், அப்போது ஊர் குறுக்கே நிற்கக் கூடாது என்கிறது.

பெரிய ஊர்களுக்கும் சிறிய ஊர்களுக்கும் ஒரே அளவுகோல் என்பதும் உண்மையில்லை. சுரங்க ரயிலும் டிராமும் ஓடும் ஊர்கள், இருக்கும் வீடுகளின் எண்ணிக்கையில் 25 சதவீதத்துக்கு இடம் காட்ட வேண்டும். கம்யூட்டர் ரயில் எனப்படும் புறநகர் ரயில் நிற்கும் ஊர்களுக்கு 15 சதவீதம். ரயில் நிலையமே இல்லாத எங்களைப் போன்ற சிற்றூர்களுக்கு 5 சதவீதம் மட்டுமே. 2,000 வீடுகள் உள்ள ஊர் என்றால் 100 வீடுகளுக்கு இடம். ஏக்கருக்கு 15 என்று கணக்குப் போட்டால் ஏழு ஏக்கர் போதும். எங்கள் ஊரில் ஏழு ஏக்கர் என்பது மூன்று நான்கு வீடுகளும் அவற்றின் புல்வெளிகளும்.

இந்த ஏழு ஏக்கருக்குத்தான் அன்று நள்ளிரவை நெருங்கும் வரை விவாதம் நடந்தது.

ஊர்க்கூட்டத்துக்கு இதுவரை வராதவர்களுக்காக அதைக் கொஞ்சம் விவரிக்கிறேன். பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் மடக்கு நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருப்பார்கள். வாசலில் பெயரைச் சரிபார்த்து ஒரு வண்ண அட்டை தருவார்கள். வாக்கெடுப்பின்போது அந்த அட்டையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். எண்ணிக்கை நெருங்கி வந்தால் வரிசைக்கு வரிசை ஆள் நடந்து வந்து எண்ணுவார். சட்டமன்றம், நகரமன்றம் எல்லாம் அந்தக் கூடம்தான். தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் என்று யாரும் கிடையாது, பதிவு செய்த வாக்காளர் ஒவ்வொருவரும் உறுப்பினர். பனி அள்ளும் லாரி வாங்குவது முதல் பள்ளி வரவு செலவு வரை அங்கேதான் முடிவாகிறது. அப்படிப்பட்ட கூடத்தில் அன்று நம்மவர்கள் கையில் நான் பார்த்த அட்டைகள் மிகக் குறைவு. முன்பெல்லாம் ஸோனிங் மாற்றத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவைப்பட்டது. அதே 2021 சட்டம் இத்தகைய தீர்மானங்களுக்குச் சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்று ஆக்கிவிட்டது. நாம் வந்திருந்தால் முடிவு மாறியிருக்கும்.

எதிர்த்துப் பேசியவர்களைக் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். மூன்று நான்கு தலைமுறையாக அங்கே வாழ்கிறவர்கள் அவர்கள். நான் இந்த வீட்டுக்குப் புதிதாக வந்தபோது, முதல் பனிப்பொழிவில், கேட்காமலே தன் வண்டியைக் கொண்டுவந்து வாசல் பாதையைச் சுத்தம் செய்து கொடுத்தவர் அன்று எதிர்த்துக் கை தூக்கினார். போஸ்டனில் உட்கார்ந்துகொண்டு எங்களுக்கு உத்தரவு போடுவதா என்பதே அவருடைய கோபம். பக்கத்து ஊரில் ரயில் நிற்கிறது என்பதற்காக எங்கள் ஊரை ரயில் ஊர்க் கணக்கில் சேர்ப்பது என்ன நியாயம் என்று கேட்டார். அந்தக் கேள்வியில் பொருளிருக்கிறது. ஆனால் இத்தனை ஆண்டுகளாக ஒவ்வோர் ஊரும் தன்னிஷ்டப்படி வேலி போட்டுக்கொண்டதால்தான் மாநிலமே இந்த நிலைக்கு வந்தது. அரை ஏக்கர், ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் இருந்தால்தான் ஒரு வீடு கட்டலாம் என்று விதி எழுதியவர்கள் ஊர்க்காரர்களே. அடுத்த பத்தாண்டுகளில் 2,22,000 புதிய வீடுகள் வேண்டும் என்று மாநில அரசு 2025இல் வெளியிட்ட வீட்டுவசதித் திட்டம் கணக்கிடுகிறது. அவரவர் ஊர் அவரவருக்கு என்று 351 ஊர்களும் சொன்னால் அந்த வீடுகள் எங்கே எழும்பும்?

தண்ணீர், கழிவுநீர் பற்றிய கவலை எங்களைப் போன்ற ஊர்களில் நியாயமானது. எங்களுக்குப் பாதாளச் சாக்கடை கிடையாது. வீட்டுக்கு வீடு கிணறும் செப்டிக் டேங்க்கும்தான். ஆனால் சட்டத்தின் வாசகத்தைப் படித்துப் பாருங்கள்: ஏக்கருக்கு 15 வீடு என்று சொல்லும் அதே வரியிலேயே, ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் டைட்டில் 5 கழிவுநீர் விதிகளுக்கும் உட்பட்டு என்றும் எழுதியிருக்கிறது. டைட்டில் 5 விதி ஒரு படுக்கையறைக்கு நாளொன்றுக்கு 110 கேலன் என்று கணக்கிடுகிறது. ஓரிடத்தின் மொத்தம் 10,000 கேலனைத் தொட்டால் மாநிலச் சுற்றுச்சூழல் துறையிடம் தனி அனுமதி வாங்கியாக வேண்டும். ஏறக்குறைய 90 படுக்கையறைகளிலேயே அந்த எல்லை வந்துவிடும். 25 பேருக்குத் தொடர்ந்து தண்ணீர் கொடுக்கும் கிணறு, பொதுக் குடிநீர் அமைப்பாகிவிடும். அதற்கான பரிசோதனைகளும் பொறுப்பும் வேறு. மண் தாங்காத இடத்தில் எவராலும் கட்ட முடியாது. நிலத்தடி நீரைக் காக்கும் விதிகள் அப்படியேதான் இருக்கின்றன. இதைக் கூட்டத்தில் எவராவது எழுந்து சொல்ல வேண்டும். நம்மில் பொறியாளர்களுக்குப் பஞ்சமில்லை.

மில்டனில் நடந்ததையும் பார்த்துவிட்டோம். 2023 டிசம்பரில் அந்த ஊரின் பிரதிநிதிகள் கூட்டம் ஸோனிங்கை ஏற்றது. 2024 பிப்ரவரியில் பொது வாக்கெடுப்பு அதைத் தூக்கியெறிந்தது. மாநிலத் தலைமை வழக்கறிஞர் ஆண்ட்ரியா கேம்பல் வழக்குப் போட்டார். கடல்தடுப்புச் சுவருக்கான மாநில மானியம் ஒன்றும் கைவிட்டுப் போனது. 2025 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம், சட்டம் செல்லும், அதை அமல்படுத்த வழக்குத் தொடரவும் தலைமை வழக்கறிஞருக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. வழிகாட்டு நெறிகளை உரிய நடைமுறைப்படி வெளியிடவில்லை என்று அரசையும் கண்டித்தது. அரசு சில நாட்களிலேயே அவசர விதிமுறைகளை வெளியிட்டுக் குறையைச் சரிசெய்தது. அதே ஆண்டு ஜூனில் மில்டன் ஊர்க்கூட்டம் சட்டத்துக்கு இணங்கிய ஸோனிங்கை ஏற்றுக்கொண்டது. வழக்குச் செலவுதான் மிச்சம். மில்டனில் 28,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள். எங்களைப் போன்ற ஊருக்கு வழக்கறிஞர் கட்டணம் என்பது ஓர் ஆசிரியரின் சம்பளம்.

அனுமதித்தால் அபார்ட்மென்ட்டுகள் வந்து குவிந்துவிடும், லெக்சிங்டன் ஊரைப் பாருங்கள் என்று நம்மவர்களே எனக்குச் செய்தி அனுப்பினார்கள். பார்த்தேன். 2023இல் அந்த ஊர் தேவையைவிடப் பல மடங்கு நிலத்தைத் திறந்துவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குத் திட்டங்கள் வந்து குவிந்ததும், 2025 மார்ச்சில் ஊர்க்கூட்டம் கூடி அந்தப் பரப்பைக் குறைத்துக்கொண்டது. சட்டத்துக்கும் உட்பட்டே இருக்கிறது. எந்த இடம், எவ்வளவு உயரம், சாலையிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதையெல்லாம் ஊரே தீர்மானிக்கலாம். பிளானிங் போர்டில், அதாவது ஊரின் திட்டக் குழுவில், உட்கார்ந்து வரைபடம் வரைகிறவர்கள் நம் அண்டை வீட்டார்தான்.

இனி, நமக்குள் பேச வேண்டியது.

நம் குழுக்களில் அதிகம் ஓடிய கவலை பள்ளியைப் பற்றியது. வகுப்பில் நெரிசல் வரும், பள்ளியின் தரவரிசை இறங்கும், வீட்டு விலை விழும் என்றார்கள். அபார்ட்மென்ட்டுக்கு எப்படிப்பட்ட ஆட்கள் வருவார்கள் என்று தெரியாதா என்றும் ஒருவர் எழுதினார். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. எப்படிப்பட்ட ஆட்கள் வருவார்கள் என்று நமக்கு நன்றாகவே தெரியும். இரண்டு சூட்கேஸ்களோடும் ஒரு பிரஷர் குக்கரோடும் ஆக்டனில் கிரேட் ரோடு ஓரத்து அபார்ட்மென்ட்டில் வந்து இறங்கியவர்கள் யார்? நல்ல பள்ளி உள்ள ஊரில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு வாடகை கொடுத்து, பிள்ளையை அந்தப் பள்ளிக்கு அனுப்பி, ஆறேழு ஆண்டு சேமித்து, பிறகு தனி வீடு வாங்கியவர்கள் யார்? பக்கத்துக் கதவைத் தட்டித் தோசை மாவு கடன் வாங்கியது, தாளிக்கும் வாசனைக்கு யாராவது புகார் சொல்வார்களோ என்று ஜன்னலைத் திறந்து வைத்தது எல்லாம் நம் கதைதானே. அந்தக் கட்டடங்களை எந்த ஊரும் அனுமதிக்காமல் இருந்திருந்தால், நம் பிள்ளைகளுக்கு இந்தப் பள்ளிகள் கிடைத்திருக்காது.

சென்னையிலும் கோவையிலும் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகப் புரியும். சைவமா அசைவமா, சொந்த ஊர் எது, எந்தத் தெரு என்று சுற்றி வளைத்துக் கேட்டு, பிறகு வீடு கொடுத்தாகிவிட்டது என்று கதவைச் சாத்துவார்கள். இங்கே அந்தக் கேள்விகளை எவரும் கேட்பதில்லை. இரண்டு ஏக்கர் விதியே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. 1926இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் யூக்ளிட் என்ற ஓஹாயோ ஊரின் ஸோனிங் விதியை ஏற்று எழுதிய தீர்ப்பில், தனி வீடுகள் உள்ள பகுதியில் வரும் அபார்ட்மென்ட்டை ஒட்டுண்ணி என்றே குறிப்பிட்டது. நூறு ஆண்டுக்குப் பிறகு அதே நினைப்பு தமிழில், நம் கைபேசிகளில் வந்து நிற்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது.

பள்ளிக்கூடக் கணக்கையும் நேராகவே பார்ப்போம். இந்த மாநிலத்தில் பல ஊர்களின் பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை ஏறவில்லை, இறங்கியிருக்கிறது. 1980இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த இரண்டரை சதவீத உச்சவரம்பால், ஊரின் மொத்தச் சொத்துவரி ஆண்டுக்கு அதற்கு மேல் ஏற முடியாது. ஏற்ற வேண்டுமென்றால் தனி வாக்கெடுப்பு நடத்த வேண்டும். புதிய கட்டடங்களிலிருந்து வரும் வரி மட்டும் அந்த வரம்புக்கு மேலே சேர்ந்துகொள்ளும். இசை ஆசிரியரையும் நூலகரையும் குறைக்கும் பேச்சு ஆண்டுதோறும் வரும் ஊரில், புதிய வீடுகள் சுமை மட்டும்தான் என்று சொல்வது சரியல்ல.

எங்கள் ஊர்த் தீயணைப்பு வண்டியை ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் முழுநேர ஊழியர்கள் அல்லர். அழைப்பு வந்ததும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருகிறவர்கள். ஓடி வர வேண்டுமென்றால் பக்கத்தில் குடியிருக்க வேண்டும். இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் எங்கள் ஊரில் எங்கே குடியிருப்பார்? வாடகைக்கு வீடே இல்லை. ஊர் மனமுவந்து அனுமதித்தது 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான குடியிருப்பை மட்டுமே, ஏனென்றால் அங்கிருந்து பள்ளிக்குப் பிள்ளைகள் வரமாட்டார்கள். பிள்ளைகளே வரக்கூடாது என்று ஓர் ஊர் கணக்குப் போடுவதைப் பிள்ளைகளுக்காகவே இந்த ஊருக்கு வந்த நாம் எப்படி ஆதரிக்க முடியும்?

ஆகவே உங்களிடம் கேட்பது இதுதான். வாக்காளர் பதிவு முடியாதவர்கள் கூட்டத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே டவுன் கிளர்க் அலுவலகத்தில் முடித்துவிடுங்கள். பிளானிங் போர்டு நடத்தும் பொது விசாரணைக்கு வாருங்கள். குடியுரிமை இல்லாதவர்களும் வந்து பேசலாம். கூட்டத்தன்று ஸோனிங் தீர்மானம் பட்டியலின் கடைசியில்தான் வரும். பத்து மணிக்கு எழுந்து போய்விடாமல் வாக்கெடுப்பு வரை உட்கார்ந்திருங்கள். சின்னக் குழந்தைகள் உள்ளவர்கள் எங்கள் வீட்டில் விட்டுவிட்டு வரலாம். என் மாமியாரும் பக்கத்து வீட்டுப் பெண்ணும் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு இட்லி இருக்கும். முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரி ஒருத்தி