உச்ச காலம் என்றால் இருவருக்கும் உச்ச காலம்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உச்ச காலத்து மைக் டைசனும் உச்ச காலத்து முகமது அலியும் குத்துச்சண்டை மேடையில் மோதியிருந்தால் மூன்றே சுற்றுகளில் டைசன் ஆட்டத்தை முடித்திருப்பார் என்று தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அந்தத் தீர்ப்பு எனக்கு ஏற்புடையதன்று. ஆயினும் தீர்ப்பைக் காட்டிலும் அதற்குக் கட்டுரையாளர் கூட்டிவந்த சாட்சிகளைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

1988 ஜூன் 27 அன்று மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 நொடிகளில் சாய்த்த டைசனை அவர் எடுத்துக்கொள்கிறார், நியாயம்தான். 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் பத்தாவது சுற்றில் வீழ்ந்தவரைக் கணக்கில் சேர்க்கலாகாது, பயிற்சியாளர் கெவின் ரூனியை விலக்கிய பிறகு அவர் பழைய டைசனாக இல்லை என்கிறார், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அலியிடம் வந்ததும் இந்தப் பெருந்தன்மை எங்கோ போய்விடுகிறது. 1971 மார்ச் 8 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில், கடைசிச் சுற்றில், ஜோ பிரேசியரின் இடது ஹூக் (கையை வளைத்து வீசும் குத்து) பட்டு மல்லாந்து விழுந்த அலியையும், 1973இல் கென் நார்ட்டனிடம் தாடை உடைபட்ட அலியையும் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார். அவர்கள் உச்ச காலத்து அலி அல்லர். 1967 ஏப்ரலில் ராணுவத்தில் சேர மறுத்ததற்காகப் பட்டமும் உரிமமும் பறிக்கப்பட்டு, 1970 அக்டோபரில் ஜெர்ரி குவாரியைச் சந்திக்கும் வரை மூன்றரை ஆண்டுகள் எந்த மேடையிலும் ஏற முடியாமல், தமது 25 முதல் 28 வரையிலான வயதைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பியவர் அவர்.

அலியின் உச்சத்தைப் பார்க்க விரும்புகிறவர் 1966 நவம்பர் 14 அன்று ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் கிளீவ்லாந்து வில்லியம்ஸ் மூன்றே சுற்றுகளில் தோற்ற போட்டியைப் பார்க்க வேண்டும். நம்மில் பெரும்பாலோருக்கு நினைவில் நிற்பவை 1974இல் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மனோடும் 1975இல் மணிலாவில் பிரேசியரோடும் அவர் மோதிய போட்டிகள்தான். கால்களின் வேகம் குறைந்துவிட்டதால் அடி வாங்கித் தாங்கக் கற்றுக்கொண்ட அலி அவர். 1980இல் சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் அலி ஆடிய காட்சிப் போட்டியைப் பார்க்கப் போன ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருவன். அப்போது அவருக்கு 38 வயது. அன்று கண்ணால் கண்டதை வைத்துக்கொண்டு அலியை எடைபோட்டால் எனக்கே சிரிப்பு வரும்.

அலியை லாரி ஹோம்ஸ் வென்றார், ஹோம்ஸை டைசன் நான்காவது சுற்றில் வீழ்த்தினார், ஆகவே அலியைவிட டைசனே வலியவர் என்ற கணக்கும் கட்டுரையில் இருக்கிறது. 1980இல் ஹோம்ஸிடம் தோற்றவர் மேற்சொன்ன 38 வயது அலி. 1988இல் டைசனிடம் தோற்றவரோ ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஓய்விலிருந்து திரும்பிய, அதே 38 வயது ஹோம்ஸ். குத்துச்சண்டையில் இந்தச் சங்கிலிக் கணக்கு ஒருபோதும் செல்லாது. பிரேசியர் அலியை வென்றார். அந்த பிரேசியரை 1973 ஜனவரியில் கிங்ஸ்டனில் ஜார்ஜ் ஃபோர்மன் இரண்டே சுற்றுகளில் ஆறு முறை தரையில் தள்ளினார். அலியின் தாடையை உடைத்த நார்ட்டனும் ஃபோர்மனிடம் இரண்டாவது சுற்றைத் தாண்டவில்லை. இவ்வளவுக்கும் பிறகு அந்த ஃபோர்மனை எட்டாவது சுற்றில் வீழ்த்தியவர் அலி.

கணினியே டைசனைத்தான் தேர்ந்தெடுத்தது என்று கட்டுரையில் வரும் வாதம் எனக்குப் பழைய கதை ஒன்றை நினைவூட்டியது. 1967இல் மயாமியைச் சேர்ந்த வானொலித் தயாரிப்பாளர் மரே வோரோனர், எல்லாக் காலத்து ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) சாம்பியன்களின் விவரங்களையும் கணினியில் ஏற்றிக் கற்பனைப் போட்டித் தொடர் ஒன்றை ஒலிபரப்பினார். அதில் அலி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துச் சாம்பியனான ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்றதாக முடிவு வந்தது. அலி அவதூறு வழக்கே தொடுத்தார். கடைசியில் அது சமரசமாகி, 1969இல் அவரும் ராக்கி மார்சியானோவும் ஒரு படப்பிடிப்புக் கூடத்தில் எதிரெதிரே நின்று, பல விதமான முடிவுகளோடு பொய்ச்சண்டை போட்டார்கள். 49 போட்டிகளில் ஒன்றிலும் தோற்காமல் 1956இல் ஓய்வு பெற்ற மார்சியானோ, இதற்காக உடம்பை இளைத்து, தலையில் பொய்முடியும் வைத்துக்கொண்டார். படம் வெளிவரும் முன்பே விமான விபத்தில் அவர் இறந்தும் போனார். 1970 ஜனவரியில் அமெரிக்கத் திரையரங்குகளில் அவர் 13வது சுற்றில் அலியை நாக் அவுட் செய்தார். ஐரோப்பாவில் காட்டப்பட்ட படத்திலோ வென்றவர் அலி. ஒரே கணினி, பார்க்கிற ஊருக்கேற்ற தீர்ப்பு! அந்த இயந்திரம் (கறுப்பர்களை ஒதுக்குவதற்குப் பேர்போன) அலபாமாவில் செய்யப்பட்டதாக்கும் என்று அலி கேலி செய்ததில் பிழையில்லை.

கட்டுரையாளர் பக்கம் உண்மை இல்லாமலில்லை. கைகளைத் தாழ்த்தி, தலையைப் பின்னுக்கு இழுத்துக் குத்தைத் தப்பிப்பது அலியின் பழக்கம். அந்தப் பழக்கத்துக்கு எமன் இடது ஹூக். 1963இல் லண்டனில் ஹென்றி கூப்பர் அவரைக் கீழே வீழ்த்தியதும் அதே ஹூக்கால்தான். கூப்பரைவிடப் பன்மடங்கு வேகமாகவும் நெருங்கியும் அதை வீசக்கூடியவர் டைசன். ஆனால் டைசனைத் தடுமாறவைத்தவர்களும் இருந்தார்கள். 1987இல் ‘எலும்பு நொறுக்கி’ என்ற பட்டப்பெயருக்கு முற்றிலும் மாறாக எதிராளியைக் கட்டிப்பிடித்தே நேரம் ஓட்டிய ஜேம்ஸ் ஸ்மித், அதே ஆண்டு ஜாபை (கையை நேராக நீட்டி விடும் குத்து) நம்பி நின்ற டோனி டக்கர் ஆகிய இருவரும் தோற்றாலும் 12 சுற்றுகள் தாக்குப்பிடித்தார்கள். உயரமும் நீண்ட கையும் உடையவர்கள் அவர்கள். அலிக்கு அவை இரண்டோடு அவர்களிடம் இல்லாத கால்களும் இருந்தன. அலியின் கைவீச்சு 78 அங்குலம், டைசனுக்கு 71.

போட்டி எத்தனை சுற்றுகள் என்பதைக் கட்டுரை சொல்லவேயில்லை. அலியின் பட்டப் போட்டிகள் 15 சுற்றுகளுக்கானவை. டைசன் 12 சுற்றுகளுக்கு மேல் ஒருபோதும் ஆடியதில்லை. இந்த ஒரு விவரமே பந்தயத்தைப் புரட்டிப்போட வல்லது.

இந்த வரிசையில் இனி வரும் கட்டுரைகளில் ஒவ்வொரு வீரரின் பெயருக்குப் பக்கத்திலும் எந்த ஆண்டின் வீரர் என்பதையும், மோதல் எத்தனை சுற்றுகளுக்கானது என்பதையும் குறிப்பிடுமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். நான் வைக்கும் போட்டி இது: 1967 மார்ச் மாதத்து அலி, 1988 ஜூன் மாதத்து டைசன், 15 சுற்றுகள். முதல் நான்கு சுற்றுகளுக்குள் அலி ஒரு முறையாவது தரையைத் தொடுவார். ஒன்பதாவது சுற்றுக்குப் பிறகு டைசனின் குத்துகள் காற்றில் போகும். தீர்ப்பு நடுவர்களின் புள்ளிக் கணக்கில் அலிக்குப் போகும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ராயபுரம், சென்னை.