புல் வெட்டப் போன புதன்கிழமை

ஃபார்மிங்டன் ஹில்ஸ், மிச்சிகன்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. சாக்குச் சொல்ல எதுவும் இல்லை, சோம்பல்தான். மாரிக்குப்பம் ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்த அன்று எழுதியதாகச் சொல்லியிருந்தாய். இருபது வருடமாக அதே ரயிலில் பெங்களூருக்குப் போய் வருகிறவனுக்கு அது கடிதம் எழுதத் தக்க செய்திதான். பாப்பாவுக்கு நர்சிங் சீட் கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாய்.

நம் கோலார் தங்கவயல் பள்ளித் தோழர்களுக்கென்று நீ தொடங்கிய வாட்ஸ்அப் குழுவை நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். காலையில் தங்கச் சுரங்கத்தின் ஷாஃப்ட் கோபுரத்தின் பழைய படம், மாலையில் கிளப்பில் எடுத்த கிறிஸ்துமஸ் படம். வாரத்துக்கு ஒருவர் தவறாமல் வந்து ‘1902-லேயே நம் ஊரில் கரண்ட்’ என்று பெருமை பேசிவிட்டுப் போகிறார். ‘இதனால் தங்கவயலில் ஒரு செங்கல்லாவது நகருமா?’ என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்வி என்னையும் குடைந்துகொண்டே இருந்தது.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். ஒரே தொழிலை நம்பிய ஊர் அந்தத் தொழில் போனால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ள நான் கார்த் தொழிலை நம்பிய டெட்ராய்ட் வரை வந்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் வந்த புதிதில் திகைத்துத்தான் போனேன். 1950-இல் பதினெட்டரை லட்சம் பேர் வாழ்ந்த நகரம். 2020 கணக்கெடுப்பில் ஆறு லட்சத்து முப்பத்தொன்பதாயிரம். 2013 ஜூலையில் மாநகராட்சியே திவால் மனு கொடுத்தது. சில தெருக்களில் பத்து வீடு என்றால் நான்கில்தான் விளக்கு எரியும். நானும் நம்மவர்கள் பலரைப் போலப் புறநகரில் இருந்துகொண்டு, காரின் கதவைப் பூட்டிக்கொண்டு நகரத்தைக் கடந்து போகிறவனாகத்தான் பல வருடம் இருந்தேன். இதைச் சொல்லிவிட்டு மேலே எழுதுவதுதான் நியாயம்.

அப்போது இணையத்தில் டெட்ராய்ட் என்று தேடினால் இடிந்த கட்டடங்கள்தான் வந்து நிற்கும். கூரை சரிந்த திரையரங்கம், 1988-இல் கடைசி ரயில் போன பிறகு பாழடைந்து கிடந்த நிலையம் என்று அழகழகான படங்கள். பார்த்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள். உன் குழுவில் நடப்பதும் அதேதான், அண்ணன் தம்பி பாசத்தோடு நடக்கிறது என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

அதே இணையத்தில் வேறு சிலவும் நடந்தன. 2010-இல் பூங்காக்களைப் பராமரிக்க மாநகராட்சியிடம் பணம் இல்லை. டாம் நார்டோன் என்பவர் தன் புல்வெட்டும் இயந்திரத்தோடு கிளம்பினார், கூட வருகிறவர்கள் வரலாம் என்று இணையத்தில் அழைப்பும் விடுத்தார். ‘டெட்ராய்ட் மோவர் கேங்’ என்று பெயர். 1969-இல் கட்டிய சைக்கிள் பந்தயத் தடம் ஒன்று டொரேஸ் பூங்காவில் இருக்கிறது. கான்கிரீட் கண்ணுக்கே தெரியாதபடி காடு மண்டிக் கிடந்ததை இவர்கள் வெட்டி வெளியே கொண்டுவந்தார்கள்.

அலுவலக நண்பர் ஒருவர் இழுத்ததால் ஒரு புதன்கிழமை மாலை நானும் போனேன். சின்ன விளையாட்டுத் திடல். ஊஞ்சல் பலகைக்கு மேலே புல் வளர்ந்திருந்தது. நம் ஊர்ச் சோளக்கொல்லை தோற்றுவிடும். உள்ளே என்ன கிடக்கிறது என்று தெரியாமல் தள்ளிக்கொண்டு போய் ஒரு பழைய டயரின் மேல் ஏற்றி, இயந்திரத்தின் கத்தியை வளைத்தேன். யாரும் திட்டவில்லை, ஒருவர் வந்து மாற்றுக் கத்தியைப் பூட்டிக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். பாதி வேலை முடிவதற்குள் எங்கிருந்தோ மூன்று பிள்ளைகள் வந்து ஊஞ்சலில் ஏறிவிட்டார்கள். அவர்களை இறக்கி நிறுத்திவிட்டு மீதியை வெட்டுவதுதான் அன்றைக்குப் பெரும்பாடு. வீட்டுக்கு வந்து அந்த அழைப்பை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எந்தப் பூங்கா, எத்தனை மணி. அவ்வளவுதான் இருந்தது அதில்.

தண்ணீர்க் கதையையும் சொல்ல வேண்டும். 2014-இல் பாக்கி வைத்த வீடுகளுக்குக் குழாய் இணைப்பை ஆயிரக்கணக்கில் துண்டித்தார்கள். டிஃபனி ஆஷ்லி பெல், கிறிஸ்டி டில்மன் என்று இரண்டு பெண்கள். இருவருமே டெட்ராய்ட்டில் வசிக்கவில்லை. டுவிட்டரில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டபோது பிறந்த யோசனை. கட்ட முடியாதவர் ஒரு பக்கம், கட்ட விரும்புகிறவர் இன்னொரு பக்கம். நடுவில் ஒரு தளம். பணம் யார் கைக்கும் போகாது, நேராக அந்த வீட்டின் தண்ணீர் பில்லுக்குப் போய்ச் சேரும். நிதி திரட்டும் குழுக்களில் முதலில் வெடிக்கிற சண்டை எது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சண்டைக்கே இங்கே இடமில்லாமல் செய்துவிட்டார்கள்.

அடுத்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. 2013-14 குளிர்காலத்தில் ஊர்க்காரர்கள் ஏறத்தாழ நூற்றைம்பது பேர் கையில் டேப்லட்டோடு தெருத்தெருவாகப் போனார்கள். ஒவ்வொரு மனையையும் படம் எடுத்து, ஆள் இருக்கிறார்களா, கூரை இருக்கிறதா, தீப்பிடித்ததா என்று குறித்தார்கள். மொத்தம் மூன்று லட்சத்து எண்பதாயிரம் மனைகளுக்கு நெருக்கமாக! எது பாழ், எது சரிசெய்யக் கூடியது என்பது அதுவரை ஆளாளுக்கு ஒரு கணக்கு. இப்போது வரைபடம் இருந்தது. பிறகு கைப்பேசி வைத்திருக்கிற எவரும் அதில் திருத்தம் சேர்க்கலாம் என்று ஆனது.

எல்லாம் இனிப்பு என்று நினைத்துவிடாதே. வரி கட்டாத வீடுகளை மாவட்ட நிர்வாகம் ஏலம் விட்டதும் இதே இணையத்தில்தான். இரண்டாம் சுற்றில் ஆரம்ப விலை 500 டாலர். எங்கோ உட்கார்ந்துகொண்டு, வீட்டைக் கண்ணால்கூடப் பார்க்காமல், மொத்தமாக வாங்கிப் போட்டவர்கள் உண்டு. உள்ளே குடியிருந்தவர்களில் பலருக்கு ஏலம் நடந்ததே தெரியாது. அந்த ஆண்டுகளில் நகரத்தில் பத்தில் நான்கு வீடுகளில் இணைய இணைப்பே இல்லை என்பார்கள். பின்னால் ஐலண்ட்வியூ போன்ற பகுதிகளில் அக்கம்பக்கத்தவர்களுக்கே பயிற்சி கொடுத்து, கூரைகளில் ஆன்டெனா நட்டு, வீடுகளுக்கு இணைப்புக் கொடுத்தார்கள். அது ஒரு தனிக் கதை.

சிலைக் கதையும் உண்டு. ‘ரோபோகாப்’ படத்தில் வரும் இயந்திரப் போலீஸ்காரருக்கு ஊரில் சிலை வையுங்கள் என்று 2011-இல் யாரோ மேயருக்கு டுவிட்டரில் எழுத, அவர் மறுக்க, விளையாட்டு வினையாகி இணையத்தில் நன்கொடையாக 67,000 டாலருக்கு மேல் குவிந்துவிட்டது. நான் தலையில் அடித்துக்கொண்டேன். இன்றைக்கும் என் கருத்து அதுதான்; ஆனால் என் மகன் என்னோடு சேரவில்லை, சிலை பக்கம்தான் நிற்கிறான்.

உன் கேள்விக்கு வருகிறேன். உன் குழுவில் அறுநூறு பேர் இருக்கிறார்கள். அறுநூறு பேரையும் கிளப்ப நினைக்காதே. எட்டுப் பேர் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாம் பிறந்த லைனில், அந்தச் சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசையில் மட்டும் நடங்கள். எத்தனை வீட்டில் ஆள் இருக்கிறார்கள், எத்தனை பூட்டிக் கிடக்கிறது, எந்தக் குழாயில் தண்ணீர் வருகிறது, பொதுக் கழிப்பறையில் எத்தனைக்குக் கதவு இருக்கிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். வாட்ஸ்அப் இல்லாத கிழவிகளிடம் முதலில் கேளுங்கள். கணக்கு அவர்களிடம்தான் இருக்கும். தங்கம் பிரித்தெடுத்த மண்ணைக் கொட்டிய சயனைடு மலையிலிருந்து காற்றில் வரும் தூசி எந்த மாதத்தில் அதிகம் என்பதைக்கூட அவர்கள் சொல்வார்கள். எழுதியதைக் குழுவில் போடு. கதவு இல்லாத கழிப்பறையின் படத்துக்குக் கீழே துபாய்க்காரர்களும் லண்டன்காரர்களும் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம். முதல் கதவுக்கான செலவு என்னுடையது. பணத்தை உனக்கு அனுப்ப மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே; தச்சருக்கு நேராக அனுப்புகிறேன்.

டிசம்பர் 20-ஆம் தேதிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். நாம் பந்து விளையாடிய திடலில் இப்போது சீமைக்கருவேலம் இடுப்பளவு நிற்கிறது என்று உன் தம்பி படம் அனுப்பியிருந்தான். நல்ல அரிவாளாக இரண்டு தேடி வை. பழைய ஷிப்ட் சங்கு ஊதும் நேரத்துக்கே தொடங்கிவிடலாம், வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல். முழங்காலைப் பற்றி மறக்காமல் எழுது.

உன்,
மோகன்