கோடை மழையும் மான்களும்

மசினகுடி

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்குக் காய்ச்சல் விட்டது தெரிந்து நிம்மதி. எனக்கு முழங்கால் வலி ஒன்றுதான் குறை. மான்களைப் பற்றிக் கேட்டிருந்தாயே, அதையே எழுதுகிறேன்.

இந்த வருஷம் கோடை மழை தள்ளிப்போய்விட்டது. சித்திரை பிறந்தும் ஒரு தூறல் இல்லை. உனக்குத்தான் தெரியுமே, முதல் மழை விழுந்து பத்து நாளில் இளம்புல் தலைகாட்டும், புள்ளிமான்கள் ஐம்பது அறுபதாகக் கூடிவிடும். இந்தத் தடவை நாலைந்தாகப் பிரிந்து, மந்திகள் உதிர்க்கும் தழையை நம்பி மரத்தடியில் நின்றன. முதுமலையின் மேற்குக் கோடியில் வருஷத்துக்கு ஏறக்குறைய 2,000 மில்லிமீட்டர் மழை. கிழக்கே, நம் மசினகுடிப் பக்கம், சில இடங்களில் 600தான். அதனால் வறட்சி வந்தால் முதலில் இடம்பெயர்வது நம் பக்கத்து மான்கள்தான். குட்டைகள் காய்ந்ததும் மாயாற்றுக்கு இறங்கிவிட்டன.

அங்கே செந்நாய்கள். போன வாரம் காலை ஏழு மணி இருக்கும், ஒரு கொம்புமானை ஆற்றுக்குள் விரட்டிவிட்டன. நாம் குளிப்போமே, அதே மடு. நல்ல தண்ணீர் இருந்தால் மான் ஆழத்தில் நின்றே தப்பித்துக்கொள்ளும். இப்போது வயிற்றளவுகூட இல்லை. கரையில் ஐந்து செந்நாய்கள், அவசரமே படவில்லை. நடுவில் மெல்லிய சீழ்க்கை ஒலி. அப்புறம் இரண்டு தண்ணீரில் இறங்கின. கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

அதில் எனக்கு வருத்தமில்லை, அவற்றுக்கும் குட்டிகள் உண்டு. மனசு கொதிப்பது கண்ணியை நினைத்தால்தான். காட்டில் பச்சை இல்லாமல் மான்கள் ராத்திரியில் தோட்டத்து ஓரம் வருகின்றன. அந்த வழி பார்த்தே யாரோ பைக் கிளட்ச் கம்பியில் சுருக்கு வைக்கிறார்கள். வேலியோரம் ஒன்றை நானே அவிழ்த்தேன். கம்பியில் செம்பட்டை மயிர் ஒட்டியிருந்தது. 1972-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தும் இந்த நிலை. வனத்துறையிடம் கொடுத்துவிட்டு வந்தேன், அன்று சோறு இறங்கவில்லை.

நேற்று ராத்திரி ஒரு மணி நேரம் நல்ல மழை. காலையில் மண்வாசனையோடு எழுந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்தேன். பத்து நாள் கழித்துப் புறப்பட்டு வா, புல் முளைத்திருக்கும். பைனாகுலரை மறந்துவிடாதே.

அன்புடன்,
ராஜு