மாரில்லியன் குழுவின் 'ஃபியர்': நீண்ட பாடல்களின் அரசியல்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் இசைப் பக்கத்தில் வெளியான கட்டுரை ஒன்று, நீண்ட, சிக்கலான பாடல்களை அமைக்கும் ராக் இசை வகையான புரோகிரசிவ் ராக்கின் குழுக்கள் கற்பனை உலகங்களைப் பாடியதோடு சரி, நாட்டு நடப்பைத் தொட்டதில்லை என்றும், அவற்றின் பாடல்களின் நீளம் ஒரு குறை என்றும் சொல்லியிருந்தது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்துப் போர் முடிந்த மறு ஆண்டே, 1983-இல், அந்தப் போரைக் கண்டித்து பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் குழு ஓர் ஆல்பம் வெளியிட்டது. அவ்வளவு பின்னால் போகவும் வேண்டியதில்லை. இங்கிலாந்தின் ஐல்ஸ்பரியில் 1979-இல் தொடங்கிய மாரில்லியன் குழு, 2016 செப்டம்பரில் வெளியிட்ட 'ஃபியர்' (அச்சம்) என்னும் 18-ஆவது ஸ்டூடியோ ஆல்பம் நம் காலத்து அரசியலை நேருக்கு நேர் பேசுகிறது.

அதன் பெரிய பாடல்கள் ஒவ்வொன்றும் கால் மணி நேரத்தைத் தாண்டுபவை. 'எல்டொராடோ', வெயில் காயும் ஓர் ஆங்கிலத் தோட்டத்தில் அமைதியாகத் தொடங்கி, மெல்ல இருண்டு, எல்லைகளில் காத்துக் கிடக்கும் அகதிகளிடம் வந்து சேர்கிறது. 'தி நியூ கிங்ஸ்', விழ விடமுடியாத அளவுக்குப் பெருத்துவிட்ட வங்கிகளையும் ரஷ்யப் பெருஞ்செல்வர்களையும் கேள்விக்குள்ளாக்கிவிட்டு, கடைசிப் பகுதியில், தன் மக்களைக் கவனித்துக்கொள்ளும் நாடும் கூசாமல் பாடக்கூடிய தேசிய கீதமும் நமக்கு இருப்பதாக நம்பிய காலம் நினைவிருக்கிறதா என்று கேட்கிறது. எல்லோரையும் உதறிவிட்டு ஓடுவதைச் சொல்லும் அப்பாடலின் முதல் வரியில் ஒரு வசைச்சொல் வருகிறது; பாடகர் ஸ்டீவ் ஹோகார்த் அதைக் கத்துவதில்லை, மெலிந்த உச்சக் குரலில், துக்கம் தொண்டையை அடைப்பதுபோல் பாடுகிறார். மூன்று நிமிடப் பாட்டில் கோஷம் எழுப்பிவிடலாம். பணம் எங்கே குவிகிறது, அதன் விளைவு யார் தலையில் விடிகிறது என்று காட்டுவதற்கு நேரம் வேண்டும். கட்டுரையாளர் குறையாகச் சொன்ன நீளம்தான் இங்கே பலம் என்பது என் உறுதியான கருத்து. (சுற்றுப்பயண வாழ்க்கையைச் சொல்லும் 'தி லீவர்ஸ்' மட்டும் இந்த அரசியலிலிருந்து சற்று விலகி நிற்கிறது.)

பணத்தின் ஆட்சியைச் சாடும் இசை யாருடைய பணத்தில் உருவானது என்பதையும் பார்க்க வேண்டும். 2001-இலேயே, மாரில்லியன் இன்னும் பதிவு செய்யாத ஓர் ஆல்பத்துக்கு 12,000-க்கும் மேற்பட்ட ரசிகர்கள் முன்கூட்டியே பணம் கட்டினார்கள். 'ஃபியர்' ஆல்பமும் அவ்வாறே ரசிகர்களின் முன்பணத்தில் உருவாகி, பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 4-ஆம் இடத்தைப் பிடித்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவதா என்பதற்கான பிரெக்சிட் வாக்கெடுப்பு முடிந்த மூன்றே மாதங்களில் அது வெளிவந்தபோது, அந்நாடு விவாதித்துக்கொண்டிருந்த எல்லை, அந்நியர், அச்சம் எல்லாம் முன்பே எழுதப்பட்ட அப்பாடல்களில் இருந்தன.

ராக் இசையைப் பற்றித் தமிழில் எழுதுவோர் குறைவு. ஆகவே இந்த ஆல்பத்தைப் பாடல் வரிகளோடு ஆராயும் விரிவான கட்டுரை ஒன்றை இசைப் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர், கோயம்புத்தூர்