நம் படிப்பகத்தின் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருக்கும் நம் தெருப் படிப்பகத்தின் வேலை ஒருவழியாக முடிந்தது. முதலில் தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதை எதிர்த்தே வாழ்நாளைக் கழித்தவர் பெயரிலுள்ள கட்டடத்துக்குத் 'திருப்பணி' என்று எழுதலாமா என்று இரண்டு உறுப்பினர்கள் கமிட்டியில் மல்லுக்கு நின்றார்கள். கேள்வி நியாயம்தான். ஆனால் ரசீதுப் புத்தகம் அதற்குள் அச்சாகி வந்துவிட்டது. சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

வடக்குச் சுவரின் விரிசலில் கையே நுழையும் என்பது உங்களுக்குத் தெரியும். நம் பக்கத்துக் களிமண் கோடையில் வெடிக்கும், மழையில் ஊதும், சுவர் தாங்காது. போதாக்குறைக்கு அந்த விரிசலுக்குள் ஓர் அரசங்கன்று. மேலே நாலு இலைதான் தெரிந்தது. கொத்தனார் இழுக்க இழுக்க வேர் வந்துகொண்டே இருந்தது; கடைசி முனை அஸ்திவாரத்தில் இருந்தது. ஆகவே ஒட்டுப்போடும் யோசனையைக் கைவிட்டு, அந்தச் சுவரை முழுக்க இடித்துக் கட்டினோம். செலவு கூடியதற்கு இதுவே காரணம். கூரையில் சட்டமும் ரீப்பரும் மாற்றி, நல்ல ஓடுகளைக் கழுவி மறுபடி வேய்ந்திருக்கிறோம். புத்தக அலமாரியைக் கரையான் காலி செய்துவிட்டது. அம்மையார் 1936-இல் எழுதிய 'தாசிகள் மோசவலை' நாவல் மட்டும் யாரோ இரவல் கொண்டுபோய்த் திருப்பித் தராமல் வைத்திருந்ததால் பிழைத்தது.

வரவு ரூ. 4,86,500. செலவு ரூ. 5,11,200. விவரம் வாசலில் ஒட்டியிருக்கிறது.

கல்வெட்டு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதற்குத்தான் நாலு கூட்டம் ஆனது. கல்லில் பதினான்கு வரிக்குத்தான் இடம். நன்கொடையாளர் பட்டியலே அம்மையாரின் வரலாற்றைவிட நீளமாக வந்தது. அதைத் தனிப் பலகைக்கு மாற்றினோம். 1883-இல் திருவாரூரில் பிறந்தது, காங்கிரசில் சேர்ந்தது, 1925-க்குப் பிறகு பெரியாரோடு சுயமரியாதை இயக்கத்துக்கு வந்தது, 1938-இல் இந்தி எதிர்ப்புப் படையோடு திருச்சியிலிருந்து சென்னைக்கு 42 நாள் நடந்தது, அதே வருடம் சிறை போனது, 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது என்று இதெல்லாம் தகராறில்லாமல் ஏறிவிட்டது. 55 வயதில் அந்த நடை நடந்திருக்கிறார். நமக்குப் பேருந்து நிலையம் வரை நடக்க அலுப்பு.

தகராறு ஒரு வரியில் வந்தது. வறுமை தாளாமல், சின்னஞ்சிறு பெண்ணாக இருந்த அவரைப் பெற்ற தாயே பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் தாசி வீட்டில் விட்டுப்போனார் என்ற வரி. இதைக் கல்லில் வெட்ட வேண்டுமா? அந்த வம்சத்தில் வந்த குடும்பங்கள் இங்கேயே இருக்கின்றன, பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசுகிற நேரத்தில் சங்கடம் வரும் என்று சிலர் சொன்னார்கள். கமிட்டியில் பாதிப் பேர் அந்தப் பக்கம்தான் இருந்தோம், நான் உட்பட. நாயனக்கார வீட்டு ஆச்சி, எண்பது வயசு இருக்கும், கூட்டத்தில் அதுவரை வாயே திறக்காதவர், எழுந்து, "வித்ததை எழுதாம சட்டம் வந்ததை மட்டும் எழுதுனா, எதுக்குப்பா சட்டம்னு எம் பேத்தி கேப்பாளே, நான் என்ன சொல்றது?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார். வரி நின்றது.

அதற்கடுத்த வரியும் ஆச்சியின் தேர்வே. காக்கிநாடா காங்கிரஸ் மாநாட்டில் கொடிக்குத் தடை என்றதும், மூவர்ணக் கொடிகளையே புடவையாகக் கட்டிக்கொண்டு அம்மையார் உள்ளே போன செய்தி அது. இரண்டு புடவையும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கட்டும் என்றார். அப்படியே வெட்டச் சொன்னோம்.

கல் வந்து இறங்கியபோது மறைவு வருடம் 1962-க்குப் பதில் 1926 என்றிருந்தது. நாங்கள் ஐந்து பேர் தடவிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டோம். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன்தான், "1926-ல செத்தவங்க 1938-ல எப்படி நடந்தாங்க?" என்றான். கல்தச்சர் கூலி கேட்காமல் மறுபுறத்தை இழைத்து மீண்டும் வெட்டிக் கொடுத்தார். தப்பான முகம் சுவருக்குள் இருக்கிறது. எப்போதாவது கல்லைப் பெயர்ப்பவர்கள் குழம்ப வேண்டாம் என்பதற்காக இதை எழுதிவைக்கிறோம்.

பாக்கி ரூ. 24,700. கொத்தனாருக்கு மட்டும் ரூ. 15,000 நிற்கிறது, வாக்களித்த தொகையைத் தராதவர்கள் அறுவடை முடிந்ததும் தந்துவிடவும். சாவி ஆச்சி வீட்டில் இருக்கும். சாயங்காலம் ஐந்து மணிக்குத் திறப்போம். இரவல் வாங்கியவர் அந்த நாவலைத் திருப்பிக் கொடுத்தால் பெயர் கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் கமிட்டிக்காக, செயலாளர்