மன்றோவின் கணக்கும் தாசில்தார் பள்ளிகளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிக்கல்வி பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த கடிதங்களில், வெள்ளையர் வருமுன்பே ஊர்தோறும் பள்ளி இருந்தது என்பவர்களும், வெள்ளையரே நமக்கு எழுத்தறிவித்தனர் என்பவர்களும் சர் தாமஸ் மன்றோ எடுத்த ஒரே கணக்கைத்தான் சான்றாகக் காட்டுகின்றனர். அந்தக் கணக்கை எடுத்தவர்கள் யார், அதைக் கையில் வைத்துக்கொண்டு அரசு என்ன செய்தது என்பதை இரு தரப்பாருமே கேட்காததால் இதை எழுதுகிறேன்.

சென்னை மாகாண கவர்னராக இருந்த மன்றோ, 1822 ஜூன் மாதத்தில், நாட்டுப் பள்ளிகளின் நிலையை அறிந்து தெரிவிக்குமாறு ஆணையிட்டார். அப்போது கல்வித்துறை என ஒன்று கிடையாது. அது 1855இல்தான் உருவானது. ஆகவே ஆணை, வரி நிர்வாகத்தைக் கவனித்த ரெவின்யூ போர்டு வழியாகக் கலெக்டர்களுக்குச் சென்றது. நிலவரி தண்டிய அதே கச்சேரிகள், அதாவது அரசு அலுவலகங்கள், பள்ளிப் பிள்ளைகளையும் எண்ணின. கனரா (கன்னட) மாவட்டக் கலெக்டர் கணக்கே அனுப்பவில்லை. மற்றவர்கள் அனுப்பியதைக் கூட்டி, 1826 மார்ச் 10ஆம் நாள் குறிப்பில் மன்றோ தந்த தொகைகள் இவை: பள்ளிகள் 12,498, மாணவர்கள் 1,88,650, மக்கள்தொகை 1,28,50,941. ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்று பெருமையுடன் சொல்லப்படுவதும், அறுபத்தேழு பேரில் ஒருவரே படித்தார் என்று குறையாகச் சொல்லப்படுவதும் இந்த ஒரே கூட்டலிலிருந்து பிறந்தவைதான்.

சென்னை நகரக் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கே பள்ளிக்குச் சென்றவர்களைவிட வீட்டிலேயே படித்தவர்கள் ஐந்து மடங்குக்கும் மேல் என்று அதில் கண்டிருந்தது. அதில் பிழை இருக்கலாம் என்று மன்றோவே எழுதினார். ஆயினும், மற்ற மாவட்டங்களில் வீட்டுக்கல்வி கணக்கில் வரவில்லை என்பதால், ஆண்பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் படிப்பதாகக் கொள்ளலாம் என்றும் அதே குறிப்பில் அவர் மதிப்பிட்டார். இன்று மேடைதோறும் முழங்கும் 'மூன்றில் ஒருவர்' என்பது எண்ணி வந்த எண்ணன்று, மன்றோவின் ஊகம். பெண்பிள்ளைகள் சில ஆயிரம் பேரே கணக்கில் இருந்தனர் என்பதையும், தாழ்த்தப்பட்டோர் கல்விக்கென மாகாண அரசு தனி ஆணை பிறப்பிக்க 1893 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும், பொற்காலம் பேசுவோர் எளிதாகக் கடந்துவிடுகின்றனர்.

வெள்ளையரே எழுத்தறிவித்தனர் என்னும் மறுதரப்புக்கும் கலெக்டர்கள் அனுப்பிய அந்த அறிக்கைகளில் பதில் இருக்கிறது. பெல்லாரிக் கலெக்டர் கேம்பல் 1823இல் எழுதியதில், பள்ளிகள் குன்றியதற்கு மக்கள் வறுமைப்பட்டதே காரணம் என்றும், ஐரோப்பியத் துணி வந்திறங்கி உள்நாட்டு நெசவை நசித்ததும் அந்த வறுமைக்கு ஒரு காரணம் என்றும் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரியாக இருந்தே ஒப்புக்கொண்டார். கவர்னர் காலெட் பெயரால் நெசவாளர்களுக்காக எழுந்த காலடிப்பேட்டையும், கம்பெனித் துணியை வெளுத்தவர்கள் குடியேறிய வண்ணாரப்பேட்டையும் இருக்கும் எங்கள் பகுதியில் இதற்கு விளக்கவுரை தேவைப்படாது. திண்ணைப் பள்ளி வாத்தியாருக்குச் சம்பளம் சர்க்கார் தந்ததன்று; பிள்ளை வீட்டார் மாதந்தோறும் தந்த சில அணாக்கள்தாம். வீட்டில் தறி நின்றால் அந்த அணாவும் நின்றுவிடும்.

மன்றோ இதை அறியாதவரல்லர். வாத்தியாருக்கு மாதம் ஆறேழு ரூபாய்க்கு மேல் கிடைப்பதில்லை, அதற்குத் தகுதியுள்ளவர் வரமாட்டார் என்று அவரே எழுதினார். அதற்கு அவர் வகுத்த திட்டப்படி, கலெக்டர் மாவட்டத்துக்கு இரண்டாக 40 பள்ளிகள், தாசில்தார் ஆளுகைக்கு ஒன்றாக 300 பள்ளிகள். முன்னதன் ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாய், பின்னதன் ஆசிரியருக்கு 9 ரூபாய். பாடநூல் சங்கத்துக்கான மாதம் 700 ரூபாயையும் சேர்த்தால் ஆண்டுச் செலவு 48,000 ரூபாய். ஒன்றேகால் கோடி மக்களிடம் வரி வாங்கிய அரசு கல்விக்குக் கொடுக்க எண்ணியது இவ்வளவே. ஒன்பது ரூபாய் குறைவாகத் தோன்றினாலும் அதே அளவு பிள்ளைகளிடமிருந்து கிடைக்கும் என்று மன்றோ சமாதானம் சொன்னார். அதாவது தறி நின்ற வீட்டையே மறுபடியும் நம்பினார்.

1827 ஜூலையில் மன்றோ காலராவில் இறந்தார். அவரது திட்டத்துக்கு இலண்டனிலிருந்த கம்பெனித் தலைமையின் ஒப்புதல் 1828இல்தான் வந்தது. திட்டமிட்ட 300 தாசில்தார் பள்ளிகளில் கால்பங்கு அளவே திறக்கப்பட்டன. ஆசிரியரைத் தேர்ந்தது உள்ளூர்க் கச்சேரி. அங்கே தகுதியைவிடச் செல்வாக்கு எடுபட்டது. திறந்த பள்ளியைப் போய்ப் பார்த்து வரவென்று தனி அதிகாரி எவரும் இல்லை. வரி வசூலில் மூழ்கிய தாசில்தாருக்குப் பள்ளி பத்தோடு பதினொன்று. சென்னைக்கும் மேலதிகாரம் கொண்ட வங்காளத் தலைமை அரசில் 1835இல் ஆங்கிலக் கல்விக்கே பணம் என்று முடிவானதும், மறு ஆண்டே இப்பள்ளிகள் மூடப்பட்டன. பாழான பள்ளிகளைக் காட்டித் தாய்மொழிக் கல்வியே தோற்றது என்று பேசப்பட்டதுதான் எனக்கு இன்றளவும் பொறுக்காத செய்தி. தோற்றது நிர்வாகம்.

சர்க்கார் கைவிட்ட அந்த இடைவெளியில்தான், 1794இல் மறைந்த பச்சையப்ப முதலியாரின் அறக்கொடை நீண்ட வழக்குக்குப் பின் மீட்கப்பட்டு, 1842இல் பாப்ஹாம் பிராட்வேயில் ஒரு பள்ளியாக உருவெடுத்தது. அதுவும் இந்துப் பிள்ளைகளுக்கு மட்டும் என்ற வரம்போடுதான்.

இவ்வறிக்கைகளின் ஆங்கில மூலம் ஆய்வாளர் கைக்கு எட்டுகிறது. தமிழ்ப் பள்ளி ஆசிரியர் கைக்கு எட்டுவதில்லை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் ரெவின்யூ போர்டு நடவடிக்கைத் தொகுதிகளிலுள்ள இந்தக் கலெக்டர் அறிக்கைகளைத் தமிழ் மாவட்டங்களுக்கு உரியவை வரையிலேனும், பிள்ளைகளைச் சாதிவாரியாக எண்ணிய கட்டங்களைச் சுருக்காமல், குறைந்த விலையில் தமிழில் வெளியிட அரசு முன்வர வேண்டும். சென்னை நகர அறிக்கையை முதலில் வெளியிட்டால் நன்று. தங்கள் நாளிதழ் இக்கோரிக்கையை உரியவர்களின் பார்வைக்குக் கொண்டு செல்லுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.