கண்மாய்க்கரை ஐயனார் கோயில் திருப்பணி: தலைக்கட்டுதாரர்களுக்குக் கமிட்டியின் கணக்கு

வரி கொடுத்த அனைவருக்கும் வணக்கம். மண்டபத்துக்கு வெள்ளையடித்தது, மடைப்பள்ளி ஓடு மாற்றியது, மண்குதிரைகளுக்கு வர்ணம் பூசியது எல்லாம் எஸ்டிமேட்டுக்குள் முடிந்தன. ரசீதுகள் பொருளாளரிடம் உள்ளன.

இனி சோலார். "பேனல் ஒன்று, பேட்டரி மூன்றா? மிச்சப் பேனல் யார் வீட்டு மாடியில்?" என்று டீக்கடையில் கேட்டவர்கள் கூட்டத்துக்கு வந்தே கேட்டிருக்கலாம். நம் விளக்கும் மைக்செட்டும் ஒரு ராத்திரிக்கு அரை யூனிட்டைத் தாண்டாது. 335 வாட் பேனல் ஒன்றே நல்ல வெயிலில் ஒரு யூனிட்டுக்குக் குறையாமல் கொடுக்கும். ஐப்பசி அடைமழையில் மூன்று நாள் வெயில் இல்லாவிட்டாலும் சாமி இருட்டில் இருக்கக் கூடாது. அதற்குத்தான் 100 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்று.

தப்பு நடந்தது இணைப்பில். வேலை எடுத்தவர், உபயமாக வந்த பழைய இன்வெர்ட்டர் பேட்டரியைப் புதிய இரண்டோடு பேரலலாக (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) கோத்துவிட்டார். பத்தே நாளில் ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் விளக்கு அணைந்தது. கேட்டால், "பேனல் பத்தாது, இன்னொன்று வாங்குங்க" என்றார். வாங்கவில்லை. மூன்றையும் கழற்றித் தனித்தனியாக சார்ஜ் ஏற்றி, ஒரு ராத்திரி விட்டு மீட்டர் வைத்தோம். புதியவை 12.6 வோல்ட், பழையது 10.5. ஆறு செல்லில் ஒன்று செத்திருந்தது. மற்ற இரண்டும் ராத்திரி முழுக்க அதற்கே வாரிக் கொடுத்திருக்கின்றன.

அதோடு நிற்கவில்லை. பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் இருந்து சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டிதான் கன்ட்ரோலர். அவர் மாட்டியது பிடபிள்யூஎம் என்ற சாதா வகை. 37 வோல்ட் பேனலை அது பேட்டரியின் வோல்ட்டுக்கே இழுத்து வைத்துவிடும். உச்சி வெயிலிலும் 9 ஆம்பியர்தான் ஏறும், மூன்றில் இரண்டு பங்கு வீண். பேனலின் மிச்ச வோல்ட்டை ஆம்பியராக மாற்றித் தரும் எம்பிபிடி வகையை மாட்டிய பிறகு அதே பேனலில் 20 ஆம்பியரைத் தாண்டுகிறது. மாற்றித் தரச் சொன்னபோது, "எஸ்டிமேட்டில் கன்ட்ரோலர் என்றுதான் இருக்கு, எந்த வகைன்னு இல்லையே" என்றார். அப்படி எழுதியது எங்கள் பிழைதான். கூடுதல் செலவு 3,400 ரூபாய், அதன் காரணம் இது. நான்கு முறை பேசியும் அவர் இறங்கி வரவில்லை. கடைசித் தவணையில் பிடித்துக்கொண்டு கணக்கை முடித்தோம். அதற்காக எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து சத்தம் போட்டதையும் ஊர் பார்த்தது.

மூன்றாவது பேட்டரியையும் அதே கம்பெனி, அதே அளவில் புதிதாக வாங்கினோம். பிளஸ் ஒயர் முதல் பேட்டரியிலிருந்தும் மைனஸ் கடைசிப் பேட்டரியிலிருந்தும் எடுத்திருக்கிறோம். மூன்றுக்கும் சமமாக ஏற அதுவே முறை. ஒவ்வொன்றுக்கும் தனி பியூஸ்.

உபயதாரர்கள்: பேனலுக்கு மலேசியாவிலுள்ள கீழத்தெருத் தம்பிகள்; பேட்டரிகளுக்கு மளிகைக்கடை அண்ணாச்சி, ஓய்வுபெற்ற வாத்தியார், நடுத்தெருப் பெண்கள் சீட்டுக் குழு; கம்பத்துக்கும் இரும்புப் பெட்டிக்கும் பட்டறை ஆசாரி; ஒயருக்குக் கோழிப்பண்ணைக்காரர். பழைய பேட்டரி கொடுத்த பெரியவர் மனசு நோக வேண்டாம். அதை எடைக்குப் போட்ட பணத்தில்தான் வாசல் மணி வாங்கினோம், கல்வெட்டில் அவர் பெயரும் உண்டு.

பெட்டிச் சாவி பூசாரியிடம் இருக்கிறது. செல்போனுக்கு சார்ஜ் போட அவரை யாரும் தொந்தரவு செய்ய வேண்டாம்.